முதல் சிப்பியைத் திறக்கும் கை

என் தம்பி ஜெயகுமாருக்கு வெங்கிடேஷைக் கண்டால் ஆகாது. இரண்டு பேரும் சாலைப் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். தம்பிதான் எப்போதும் முதல் ரேங்க். வெங்கிடேஷ் தட்டுத்தடுமாறிப் பாஸாகிற கூட்டத்தில் இருந்தான். இன்றைக்குத் தம்பி கழக்கூட்டத்தில், வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனியில் பெரிய வேலை பார்க்கிறான். வெங்கிடேஷ் கிழக்கேக்கோட்டையில் ஒரு சைவ ஓட்டலில் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியிருக்க அவனைப் பார்த்துப் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது, சொல்கிறேன்.

திருவனந்தபுரத்தில் ஒரு வழக்கம் உண்டு. மலையாள மாதம் ஒன்றாம் தேதி விடிந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவர் யாரோ, அவருடைய ராசிதான் மாதம் முழுக்க அந்த வீட்டுக்கு. ஒண்ணாந்தேதி கேறுறது, அதாவது வீடேறுவது, என்போம். நாங்கள் நாஞ்சில் நாட்டிலிருந்து வலியசாலைக்கு வந்து குடியேறிய குடும்பம். வந்த இடத்து வழக்கத்தை இங்குள்ளவர்களைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொண்டோம். ராசியான ஆளாகப் பார்த்து முந்தின நாளே சொல்லி வைத்துவிடுவோம். அவர் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, வலது காலை வைத்து ஏறி, ஒரு காப்பி குடித்துவிட்டுப் போவார்.

எங்கள் தெருவில் அந்த ஆள் வெங்கிடேஷ். அவன் கேறின ஒரு வீட்டில் அந்த மாதமே பெண்ணுக்கு அரசாங்க வேலை வந்தது. இன்னொரு வீட்டில் வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்த வழக்கு முடிந்தது. அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? ஒன்றாம் தேதி காலையில் அவன் ஈரத்தலையோடு வீடு வீடாக ஏறி இறங்குவான். எல்லா வீட்டுக் காப்பியையும் குடித்து அவனுக்கு அல்சர் வராமல் இருப்பதே பெரிய ராசிதான்.

என் தம்பியையும் எங்கள் அம்மா ஒருமுறை கேறச் சொன்னாள். அந்த மாதம் கிணற்று மோட்டார் எரிந்து போனது, எனக்கு டைபாய்டு வந்தது. அதோடு சரி, அப்புறம் யாரும் அவனைக் கூப்பிடவில்லை. பொறாமை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. தம்பி கழக்கூட்டத்தில் லிஃப்ட் வைத்த ஃப்ளாட் வாங்கப் போகிறான் என்று கேட்ட அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் நான் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவேன், சொன்னால் பாதி தணிந்துவிடும். அவன் சொல்ல மாட்டான். "எனக்கென்ன?" என்பான். காது மட்டும் சிவந்துவிடும்.

ஃப்ளாட் கைக்கு வரும் வரைக்கும் அவனும் அவன் பெண்டாட்டி அஞ்சுவும் என் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். அதனால் நடந்ததெல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. அஞ்சு நாகர்கோவில் பெண். அவளுடைய அப்பா சீட்டாடியே வீட்டை இழந்தவர். அதனால் அவளுக்குச் சூது என்ற பேச்சே ஆகாது. பஸ் ஸ்டாண்டில் லாட்டரிக்காரன் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த பக்கம் போவாள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்து, அந்தக் காசைத் தனியாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள். புது வீட்டுக்கு ஒரு நல்ல தையல் மெஷின் வாங்க வேண்டும் என்பது அவள் ஆசை.

தம்பியின் கம்பெனி ஒரு சிப்பி விளையாட்டைச் செய்திருந்தது. போனில் ஒரு கடற்கரைக் கிராமம். நீங்கள் வீடு கட்டலாம், படகு வாங்கலாம். அதற்கெல்லாம் முத்து வேண்டும். முத்து வேண்டுமானால் சிப்பியைத் திறக்க வேண்டும். சிப்பிக்குள் என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும். பெரும்பாலும் பாசி வரும், உடைந்த கண்ணாடி வரும், ஒற்றைச் செருப்பு வரும். எப்போதாவது வெள்ளை முத்து. கருமுத்து வருவது அபூர்வம். தினம் ஒரு சிப்பி சும்மா கிடைக்கும், அதற்கு மேல் வேண்டுமானால் காசு கட்ட வேண்டும். எந்தச் சிப்பியில் என்ன வரும் என்று எழுதுவதுதான் என் தம்பியின் வேலை. அது எங்களுக்கு அப்போது தெரியாது. ஏதோ படம் வரைகிற வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வெளியில் சொல்லக் கூடாது என்று கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருந்தார்களாம்.

போன வருஷம் இடவ மாதம், நம் வைகாசி, பிறப்பதற்கு முந்தின சாயங்காலம் தம்பி அந்த விளையாட்டை அஞ்சுவின் போனில் ஏற்றிக் கொடுத்தான். "இப்ப ஒண்ணும் தொடாத. நாளைக்குக் காலையில மொத சிப்பிய நான் தெறந்து காட்டுறேன், என் கைய பாரு" என்றான். அவனுக்கு அவ்வளவு உற்சாகம் வந்து நான் பார்த்ததில்லை. மறுநாள் சீக்கிரமே குளித்து, சந்தனம் இட்டு, சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. எழுந்து மொட்டை மாடிக்குப் போனான்.

வெங்கிடேஷ் ஒன்றாம் தேதி கேறுவதற்காக வந்தது அப்போதுதான். முதலில் கீழே என் வீட்டில் கேறினான், பிறகு மாடிக்குப் போனான், நானும் காப்பியோடு பின்னால் போனேன். அஞ்சு போனை அவன் முன்னால் நீட்டினாள்.

"வெங்கிடேஷ் அண்ணா, அத்தான் கம்பெனி கேமாக்கும். மொத சிப்பி. உங்க கையால ஒண்ணு தெறந்து தரணும்."

"ஐயோ, எனக்கு இதொண்ணும் தெரியாதே அஞ்சு" என்று அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "சும்மா தொட்டா மதியோ, போறுமோ?"

தொட்டான். போன் செண்டை மேளம் முழக்கியது, திரை முழுக்கப் பொன்னாகக் கொட்டியது. நடுவில் கருமுத்து. அஞ்சு போட்ட கூச்சலில் என் கையிலிருந்த காப்பி சிந்தியது. தம்பி போனைக் காதில் வைத்தபடியே ஓடி வந்தான். திரையைப் பார்த்தான், வெங்கிடேஷைப் பார்த்தான்.

"ம், கொள்ளாம்" என்றான், நன்றாயிருக்கிறதாம். காது செக்கச் செவேலென்று இருந்தது.

புதிதாக வருகிற யாருக்கும் முதல் சிப்பி இனிக்க வேண்டும் என்று ஒரு விதி அந்த விளையாட்டில் இருந்தது. முதல் தடவையே கருமுத்து வந்தால்தானே ஆள் உட்கார்ந்து ஆடுவான்? வெறுத்துப் போய் ஒரு வாரம் நிறுத்தியவன் திரும்பி வந்தாலும் அவனுக்கு முதல் சிப்பி அப்படியே. இரண்டு விதியையும் எழுதியவன் என் தம்பி. அதற்காக ஆபீஸில் அவனுக்குக் கேக் வெட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். கருமுத்து வரும் என்று தெரிந்துதான் பெண்டாட்டி முன்னால் கைராசிக்காரனாக நிற்க நாள் பார்த்து வைத்திருந்தான். அந்தச் சிப்பியை அவனுக்கு முன்னால் வெங்கிடேஷ் தொட்டுவிட்டுப் போய்விட்டான். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்தபோது சிரித்தேன். கொஞ்ச நேரம்தான் சிரித்தேன்.

அஞ்சு சிப்பி திறக்க ஆரம்பித்தாள். பாசி, கண்ணாடி, செருப்பு. இடையிடையே சிப்பி பாதி திறந்து, உள்ளே கருமுத்து மின்னுவதைக் காட்டி, படக்கென்று மூடிக்கொள்ளும். "அய்யோ, இப்பம் கிட்டியிருக்கும்!" என்று தொடையில் தட்டுவாள். சும்மா கிடைக்கிற சிப்பி தீர்ந்தால் டியூஷன் காசிலிருந்து கட்டினாள். "இங்க கொண்டா, நான் தெறக்கேன்" என்று தம்பி வாங்கித் தட்டுவான். செருப்புத்தான் வரும். "விடுங்க அத்தான், உங்க கைக்கு இதொண்ணும் சரிப்படாது" என்று அவள் பிடுங்கிக்கொள்வாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். அவன் அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

மாதம் முடியப் பத்து நாள் இருக்கும்போது அவளே வெறுத்துப்போய் நிறுத்தினாள். அடுத்து மிதுனம் ஒன்றாம் தேதி வந்தது. வெங்கிடேஷ் வந்தான், கேறினான், காப்பி குடித்தான். அஞ்சு நின்று யோசித்துவிட்டு போனை எடுத்து நீட்டினாள். "ஒண்ணே ஒண்ணு அண்ணா, இந்த மாசத்துக்கு." நிறுத்தித் திரும்பி வந்தவளுக்கு முதல் சிப்பி இனிக்க வேண்டும் அல்லவா? மேளம் முழங்கியது. மறுபடியும் கருமுத்து.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. எதிர்வீட்டு ஸ்ரீப்ரியாவில் தொடங்கிப் பல பெண்கள் அந்த விளையாட்டைப் போனில் ஏற்றிக்கொண்டார்கள். முதல் சிப்பியை யாரும் தொடுவதில்லை. வெங்கிடேஷ் ஓட்டலிலிருந்து வருகிற வரை காத்திருந்து அவன் கையால் திறந்தார்கள். ஒவ்வொருத்தி வீட்டிலும் மேளம் முழங்கியது. என் தம்பி மாடியில் நின்று ஒவ்வொரு மேளத்தையும் கேட்டான். அவன் கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுத்தது வெங்கிடேஷ், வெங்கிடேஷுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அவன். இரண்டு பேருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டிய ஆள் ஒருவர்தான் என்று நான் பிற்பாடு சொன்னபோது அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பாவம் வெங்கிடேஷ், அவனுக்கு இதில் ஒரு பெருமையும் இல்லை. "நான் ஒண்ணும் பண்ணலையே அக்கா, தொட்டேன், அவ்வளவுதானே" என்று என்னிடம் சொல்வான். அதுதான் தம்பிக்கு இன்னும் எரிச்சல். அவன் கொஞ்சம் அலட்டிக்கொண்டிருந்தாலாவது திட்டித் தீர்த்திருக்கலாம்.

தம்பி ஒரு திட்டம் போட்டான். மிதுனம் பாதிக்கு மேல் அஞ்சுவிடம் நைசாகப் பேசி, "கொஞ்ச நாள் நிறுத்தி வை, பிறகு நல்லா வரும்" என்று சொல்லி வைத்தான். கர்க்கடகம், நம் ஆடி, ஒன்றாம் தேதி காலை, வெங்கிடேஷ் வருவதற்குள் எழுந்து குளித்தான். என்னையும் ஸ்ரீப்ரியாவையும் மாடிக்குக் கூப்பிட்டான். சாட்சி வேண்டுமாம். அஞ்சுவின் போனை மடியில் வைத்து, கண்ணை மூடித் திறந்து, தொட்டான்.

ஒற்றைச் செருப்பு வந்தது.

ஸ்ரீப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தம்பி திருதிருவென்று விழித்தான். அஞ்சு ஒரு வாரம் நிறுத்தியிருந்தால் கருமுத்து வந்தே ஆக வேண்டும். வரவில்லை என்றால் அவள் நிறுத்தவேயில்லை, யாருக்கும் தெரியாமல் திறந்துகொண்டே இருந்திருக்கிறாள். அங்கே நின்றவர்களில் அது புரிந்தது அவனுக்கு மட்டும்தான். புருஷனாக இருந்தால் அந்த இடத்தில் திடுக்கிட்டிருக்க வேண்டும். அவன் காதில் விழுந்ததோ ஸ்ரீப்ரியாவின் சிரிப்பு மட்டும். அதே நேரம் வெங்கிடேஷ் படியேறி வந்தான். ஸ்ரீப்ரியா அவள் அம்மா போனில் புதிதாக ஏற்றி வைத்திருந்ததை நீட்டினாள். அவன் தொட்டதும் மேளம்.

"பாத்தீங்களா மைனி?" என்று அஞ்சு என்னைப் பார்த்தாள். "அத்தான் தொட்டுத்தான் என் போனே கெட்டுப் போச்சு."

நான் அப்போதே அவள் முகத்தைச் சரியாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கண்ணுக்குக் கீழே கருவளையம். டியூஷன் பிள்ளைகள் கணக்கைக் காட்ட நின்றுகொண்டிருக்க, இவள் புத்தகத்துக்கு அடியில் போனை வைத்துத் தட்டிக்கொண்டிருந்ததை ஒருமுறை நானே கண்டேன். ஏதோ மெசேஜ் பார்க்கிறாள் என்று போய்விட்டேன்.

ஃப்ளாட் சாவி கைக்கு வந்தது. கர்க்கடகத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் சிங்ஙம் ஒன்றாம் தேதி, நமக்கு ஆவணி பிறக்கும் நாள், பால் காய்ச்சிக் குடி போவது என்று வைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லோரும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

"வெங்கிடேஷ் அண்ணன்கிட்ட சொல்லியாச்சு. அவருதான் மொதல்ல கேறணும்" என்றாள் அஞ்சு.

தம்பி வாயில் போட்ட வாழைக்காய் சிப்ஸை மெல்லாமல் நிறுத்தினான். "எதுக்கு? என் வீட்டுல நான் கேறப்பிடாதா?"

"அத்தான், புது வீடு. வெளயாடாதீங்க."

"நான் வெளயாடலை. நான் வாங்கின வீடு, நான் கேறுதேன். அவ்வளவுதான்."

"உங்க கை ராசிதான் தெரியுமே. ஒரு சிப்பிகூட…"

அவள் முடிக்கவில்லை. மூன்று மாதமாக அடக்கி வைத்ததெல்லாம் அவன் வாயிலிருந்து கொட்டியது.

"சிப்பி! அவன் கையில ஒரு மண்ணும் கெடயாது கேட்டியா! மொத சிப்பி ஆரு தொட்டாலும் வரும். இந்தக் கழுத தொட்டாலும் வரும். ஒரு வாரம் நிறுத்திட்டு வந்தா பின்னயும் வரும். நான் எழுதினது அது. அவனுக்கு வந்த கருமுத்து பூரா நான் குடுத்தது. அவன் வாங்கின பேரு எனக்கு வர வேண்டிய பேரு."

அஞ்சு அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"அப்பம் நான் தெறந்த மத்ததெல்லாம்?" என்றாள்.

"மத்ததுன்னா?"

"செருப்பும் பாசியும். அதும் நீங்க எழுதினதா?"

"பின்னே?" என்றான் அவன். இன்னும் அவனுக்கு விளங்கவில்லை. வெங்கிடேஷைத் தோற்கடித்துவிட்ட சந்தோஷத்தில் இருந்தான். "எல்லாம் கணக்குல்லா. பாதி தெறந்து கருமுத்தக் காட்டி மூடும், பாத்திருப்பியே? அது என் ஐடியா. அதுக்குப் பிறகு ஆரும் போனைக் கீழ வைக்க மாட்டாங்க. ஆபீஸ்ல எல்லாரும் அசந்துட்டாங்க."

எனக்கு அந்த இடத்தில் அவன் வாயை ஏதாவது வைத்து அடைக்க வேண்டும் போல் இருந்தது. அஞ்சு போனை எடுத்துத் தரையில் வைத்தாள். அழவில்லை.

"தையல் மெஷின் காசு தீந்து போச்சு" என்றாள் மெதுவாக. "கை நிக்க மாட்டேங்குதேன்னு நான் பேடிச்சுப் பயந்து கெடந்தேன். அப்பாவோட ரத்தம் எனக்கும் வந்திருச்சுன்னு நெனச்சேன். நீங்க பக்கத்துல இருந்து பாத்துட்டுதான் இருந்தீங்க."

"அஞ்சு, கம்பெனில வெளிய சொல்லப்பிடாதுன்னு…"

"எங்கப்பாவுக்கு எதிர இருந்து சீட்டுப் போட்டவன் ஆருன்னு எங்கம்மாவுக்குத் தெரியும். அவன் எங்க தெருவுக்குள்ள வந்தா அம்மா கதவச் சாத்துவா." போனை அவன் பக்கம் தள்ளினாள். "எனக்கு எதிர இருந்தது நீங்களா அத்தான்?"

எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். தம்பி என் பக்கம் திரும்பினான்.

"நான் உள்ளதத்தானே சொன்னேன் அக்கா? அவன் கைராசின்னு ஊரே பேசுது, அது சரியா?"

"போலே" என்றேன். "அவ காசு போறப்ப ஒனக்கு வாய் வரல. அவனுக்குப் பேரு வந்தது பொறுக்காமத்தான் வந்தது. கையெழுத்தாம், கம்பெனியாம்! இன்னைக்கு எங்க போச்சு அந்தக் கையெழுத்து?" எனக்கு அவ்வளவு கோபம். அவன் சிப்ஸ் பாக்கெட்டை மடித்துக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அஞ்சு போனிலிருந்து விளையாட்டை எடுத்துவிட்டாள். தெருப் பெண்கள் எல்லோரிடமும் போய் விஷயத்தைச் சொன்னாள். சிலர் எடுத்தார்கள், சிலர் எடுக்கவில்லை. ஸ்ரீப்ரியா, "ஆனாலும் அவர் தொட்டாத்தானே கிட்டுது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தம்பிக்கு உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை இருந்தது. வெங்கிடேஷின் ராசி பொய் என்று இப்போது அஞ்சுவுக்கே தெரியும், ஆகவே வீட்டில் கேற இனி அவன்தான் என்று நினைத்துக்கொண்டான். சிங்ஙம் ஒன்றாம் தேதி அதிகாலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் லிஃப்டில் ஏறினான். நானும் ஏறினேன். ஒன்பதாவது மாடி. கதவுக்கு வெளியிலேயே அவ்வளவு காற்று, அவ்வளவு வெளிச்சம். எனக்கு வயிறு எரிந்தது, எரிந்தால் எரியட்டும் என்று நின்றேன். அஞ்சு பால் பாத்திரத்தோடு கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் ஓரமாக நின்றாள்.

தம்பி செருப்பைக் கழற்றினான். அப்போது லிஃப்ட் மறுபடியும் திறந்தது. ஈரத்தலையோடு வெங்கிடேஷ் வெளியே வந்தான். பஸ் மாறி மாறி வந்திருக்கிறான், சட்டை கசங்கியிருந்தது.

"ரோட்டுல ஒரே வண்டி, பிளாக்கு அஞ்சு, லேட் ஆயிடுத்தோ?" என்றான்.

"இல்லண்ணா. கேறுங்க" என்றாள் அவள்.

தம்பி அவள் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காதபடி பேசினான். நான் பக்கத்திலேயே நின்றதால் எனக்குக் கேட்டது.

"அவன் கையில ஒண்ணும் இல்லேன்னு நான்தான் எல்லாத்தயும் சொன்னேனே?"

"சொன்னீங்க" என்றாள் அஞ்சு. "அவரு கையில ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். உங்க கையில என்னல்லாம் இருக்குன்னு இப்பம் எனக்குத் தெரியுமே."

வெங்கிடேஷ் வலது காலை வைத்து உள்ளே ஏறினான். அவன் பின்னால் அஞ்சு பால் பாத்திரத்தோடு போனாள், அவள் பின்னால் நான் போனேன். என் தம்பி வெளியிலேயே நின்றான். உள்ளே வாங்க என்று அஞ்சு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.